முனை படாமல்

இடது தோளில் கம்பியைச் செருகி யாரோ கழுத்து வரை முறுக்குவது போல வலித்தது. காலருக்கு இது புது வலி அல்ல. பதினோரு வருடம் குனிந்தபடி சட்டைக் கழுத்துப் பட்டி தைக்கிறவளுக்குக் கழுத்து நேராக நின்றால்தான் ஆச்சரியம். ஆனாலும் அன்று மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் வலி பல் வரை ஏறிவிட்டது. ஐந்து மணிக்குச் சரக்கு வண்டி வரும் என்று காலையிலிருந்து நான்கு தடவை சொல்லிவிட்டார்கள்.

காலர் என்பது அவள் பெயர் அல்ல. அந்தத் தையல் கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் யாருக்கும் பெயர் கிடையாது. தைக்கிற பகுதிதான் பெயர். கஃப், பாக்கெட், கை, காலர், பட்டன். எப்போதும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடக்கிற மேற்பார்வையாளருக்குக் கடிகாரம் என்று பெயர். அது அவருக்கும் தெரியும். வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் பட்டன், காலருக்கு நாத்தனார். கணவனின் ஒரே தங்கை. வீட்டில் ஒரே அடுப்பு, கூடத்தில் ஒரே வரிசை. "காலைல கண்ணத் தொறந்தா உன் மூஞ்சி, வேலைக்கு வந்தாலும் உன் முதுகு. நான் எந்த ஜென்மத்துல என்ன பண்ணேனோ அண்ணி" என்று பட்டன் வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்வாள். சொல்லிவிட்டு அண்ணியின் சாப்பாட்டுப் பாத்திரத்திலிருந்துதான் பாதியை எடுத்துக்கொள்வாள், தன் கரண்டியால் மட்டும்.

தன் கரண்டி, தன் டம்ளர், தன் சீப்பு, தன் துண்டு. அதில் பட்டன் படு கறார். அண்ணன் வாய் வைத்துக் குடித்த டம்ளரை மூன்று முறை கழுவுவாள். காலர் அவளை மகாராணி என்று கூப்பிடுவது இதற்காகத்தான்.

மகாராணியின் எந்திரத்தில் கண்ணுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் மறைப்பு உண்டு. பழசாகி, பால் ஊற்றியது போல மங்கிப் போயிருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் பட்டனின் துளை எது, துணி எது என்று தெரியாது. ஆகவே எல்லோரையும் போல அவளும் அதை மேலே தூக்கிவிட்டுத்தான் தைத்தாள். அன்று மதியத்துக்குப் பிறகு ஊசி துளையில் இறங்காமல் பட்டனின் விளிம்பில் இறங்கியது. பட்டன் உடைந்து தெறித்தது. அந்தக் கூடத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தெறிக்கும். யாரும் தலை தூக்க மாட்டார்கள். காலரும் தூக்கவில்லை.

அரை மணி கழித்து தான் தைத்து அனுப்பிய சட்டைப் பீஸ்கள் பட்டன் எந்திரத்தருகே நகராமல் தேங்கியிருப்பதைப் பார்த்துத்தான் எழுந்து போனாள். பட்டன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் தைத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்து தண்ணீர் வழிந்தது. குழாயடியில் கழுவிவிட்டு வந்தாளாம், உறுத்தல் போகவில்லையாம். நூல் தூசியாக இருக்கும் என்றாள் பட்டன். தூசியாகத்தான் இருக்கும் என்றாள் காலர். இருவருக்கும் அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. மருத்துவ அறைக்குப் போனால் சீட்டு எழுத வேண்டும். சீட்டு எழுதினால் மறைப்பை ஏன் தூக்கினாய் என்று கடிகாரம் கேட்பார். பட்டன் எந்திரம் நின்றால் வரிசையே நிற்கும். வரிசை நின்றால் ஐந்து மணி வண்டிக்காக எல்லோரும் ஏழு வரை உட்கார வேண்டும். காலரின் கழுத்து ஏழு வரை தாங்காது.

"எங்கிட்ட மருந்து இருக்கு, போட்டு விடுறேன்" என்றாள் காலர்.

மருந்து அவளுடைய மேசை இழுப்பறையில், கோடு போடும் சாக்கட்டிக்கும் நூல் பாபின்களுக்கும் நடுவில் கிடந்தது. இரண்டு வாரத்துக்கு முன் அவளுக்கே கண் பீளை கட்டி ஒட்டிக்கொண்டபோது தெருமுனை டாக்டர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் சொட்டு. நாளைக்கு நாலு வேளை, ஏழு நாள், பாதியில் விடக்கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று அவர் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். மூன்றாம் நாள் கண் தெளிந்ததும் நிறுத்திவிட்டாள். மோட்டாரின் சூட்டில் அந்த இழுப்பறை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும்.

"அது நீ போட்டதுதான?" என்று பட்டன் கேட்டாள்.

"இல்லடி, புதுசு. டாக்டர் ரெண்டு பாட்டில் எழுதிக் குடுத்தாரு. இது பிரிக்காதது."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பின்னால் எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் மகாராணி வேண்டாம் என்றிருப்பாள், அவ்வளவுதான் காரணம். பொய் அவ்வளவு சின்னதாக, அவ்வளவு லேசாக வாயிலிருந்து விழுந்தது. மூடியில் முத்திரை வளையம் இல்லாதது தெரியக் கூடாதென்று முதுகைக் காட்டித் திருகினாள்.

அடுத்ததை அவள் யோசித்தே செய்யவில்லை. அவள் கை செய்தது. அந்தக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொள்கிற காரியம் எந்திரத்துக்கு எண்ணெய் விடுவது. வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் தெறித்தால் பீஸ் போயிற்று, கூடவே மானமும் போயிற்று. அதனால் குப்பியின் முனையைத் துளைக்குள் விட்டு, அது இரும்பைத் தொட்ட பிறகுதான் அமுக்க வேண்டும். எடுக்கும்போது முனையில் நிற்கிற மிச்சத்தைத் துளையின் விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட வேண்டும். பதினோரு வருடத்தில் காலர் ஒரு சொட்டு எண்ணெய்கூட வெளியே விட்டதில்லை. மருந்தையும் அப்படியே விட்டாள். தன் கண்ணுக்கு எப்படி விட்டாளோ அதே மாதிரி: முனை கீழ் இமைக்குள் பட, அமுக்கி, இமையின் ஓரத்தில் ஒரு இழுப்பு. ஒரு சொட்டுகூடக் கன்னத்தில் வழியவில்லை.

"உன் கை கை இல்ல அண்ணி, ஆயில் கேன்" என்று பட்டன் சிரித்தாள்.

வண்டி ஐந்தே காலுக்குப் போனது.

மறுநாளும் மூன்று வேளை அதே மருந்தை விட்டாள். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது போல இருப்பதாகப் பட்டன் சொன்னாள். அண்ணியின் மனம் நோகாமல் இருக்கச் சொன்னாளோ என்னவோ. மூன்றாம் நாள் காலையில் அவளால் ஜன்னல் பக்கம் திரும்ப முடியவில்லை. வெளிச்சம் பட்டால் ஊசி குத்துகிறது என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காலர் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி இமையை விலக்கிப் பார்த்தாள். சிவப்புக்கு நடுவே, கருவிழியின் மேல், அரிசி நுனி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

காலர் இமையை விட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

கணவன் வெளியூருக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தான். போனில் சொன்னபோது கடையில் வேறு நல்ல சொட்டு மருந்தாகக் கேட்டு வாங்கச் சொன்னான். இனிமேல் கடையில் கேட்டு எதையும் வாங்குவதாக இல்லை என்று அவள் போனை வைத்தாள். அவனிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. இருவரும் வேலைக்குப் போகாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழி முழுக்கப் பட்டன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நடந்தாள். ஒரே தடவையில் ஊசியில் நூல் கோர்க்கிறவள். மற்றவர்கள் நாக்கில் நனைத்து, முறுக்கி, வெளிச்சத்தில் பிடித்து அல்லாடும்போது அவள் பேசிக்கொண்டே கோர்த்துவிட்டுப் போவாள். நேற்று மாலை அவள் நாலு முறை தவறவிட்டதைக் காலர் பார்த்திருந்தாள். பார்க்காதது போல இருந்தாள்.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண். காலையிலேயே களைத்துப் போனவர் போல இருந்தார். பட்டனின் தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, கண்ணில் மஞ்சள் சாயத்தைத் தொட்டு வைத்து, நீல விளக்கில் நெடுநேரம் பார்த்தார். அந்த நெடுநேரம் காலருக்குப் பிடிக்கவில்லை. பிறகு கருவிழியில் புண் இருக்கிறது, அதில் கிருமி ஏறியிருக்கிறது என்றார். ஏதாவது தெறித்ததா என்று கேட்டார். பட்டன் எந்திரத்தைப் பற்றிச் சொன்னாள். என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டார்.

"அண்ணி ஒரு சொட்டு மருந்து குடுத்தாங்க. புது பாட்டில்தான், பிரிக்காதது" என்றாள் பட்டன். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

டாக்டர் காலரைப் பார்த்தார். பாட்டில் எங்கே என்றார். வீட்டில் இருக்கிறது என்றாள் காலர். பாட்டில் அவள் மடியில் இருந்த பைக்குள், சில்லறைப் பைக்கு அடியில் இருந்தது. பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் எழுதிக்கொண்டே பேசினார். புண்ணைச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். மரத்துப்போகச் சொட்டு விட்டுத்தான் சுரண்டுவார்கள், வலிக்காது. முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை குத்துமதிப்பாகத்தான் மருந்து கொடுக்க முடியும். அந்தப் பாட்டிலை வேறு யாராவது பயன்படுத்தியிருந்தால், முனை யார் கண்ணிலாவது பட்டிருந்தால், அதில் கிருமி குடியேறியிருக்கலாம். அந்த மருந்துக்குள்ளேயே பிழைத்த கிருமி என்றால் அந்த மருந்துக்கு மசியாது. அப்படியென்றால் இன்றைக்கே வேறு மருந்தில் தொடங்க வேண்டும்.

"கருவிழிப் புண்ணுல ஒரு நாள்ங்கிறது சின்ன விஷயம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பட்டனை உள் அறைக்கு அனுப்பினார்.

காலர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கண்ணில் கட்டுப் போட்ட ஒரு கிழவர், தன் முறை வருவதற்குள் தனக்கு அடுத்த பிறவியே வந்துவிடும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். கை பைக்குள் போய்ப் பாட்டிலைத் தொட்டது, வெளியே வந்தது, மறுபடி போனது. சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் கணக்குப் போட்டாள். நாத்தனாருக்குத் தெரியும். கணவனுக்குத் தெரியும். ஒரு துண்டைக்கூடப் பங்கு போடாதவளின் கண்ணில் தன் பீளையை ஏற்றியவள் என்று வீடே சொல்லும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். பட்டன் சில்லுதான் காரணம் என்று முடியலாம். ஆனால் ஒரு நாள் என்று அந்த அம்மா சொன்னது காதை விட்டுப் போகவில்லை. உள்ளே கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு நாளில் கொஞ்சம் குறைவது போல இருந்தது.

எழுந்தாள். கதவைத் தட்டாமலே டாக்டரின் அறைக்குள் போனாள். பட்டன் இன்னும் உள் அறையில்தான் இருந்தாள். டாக்டரின் மேசை மேல் பாட்டிலை வைத்தாள்.

"புதுசு இல்லம்மா. என் கண்ணுல போட்டது. வீட்ல இருக்குன்னு சொன்னதும் பொய்."

டாக்டர் திட்டுவார் என்று நின்றாள். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பெயரைப் படித்தார். எப்போது திறந்தது, எத்தனை நாள் போட்டாள், எங்கே வைத்திருந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இழுப்பறை என்றதும் பேனா ஒரு கணம் நின்றது. எப்படி விட்டாய் என்று காட்டச் சொன்னார். காலர் மூடிய பாட்டிலை எடுத்துத் தன் கீழ் இமையை இழுத்து, முனையை அதில் வைத்து அமுக்குவது போலக் காட்டினாள். எடுக்கும்போது கை தானாக இமை ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தது.

"தொடச்சும் விட்டீங்களா?"

"எண்ணெய் விட்டா அப்படித்தான் செய்வோம்மா. சிந்தக் கூடாதுல்ல."

டாக்டர் அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டார். அதை ஒரு உறையில் போட்டு ஒட்டி, இதையும் சோதனைக்கு அனுப்புகிறேன் என்றார். இதில் ஸ்டீராய்டு கலக்கவில்லை, அந்த மட்டும் நல்லது, அது இருந்திருந்தால் புண் கருவிழியை இன்னும் தின்றிருக்கும் என்றார். எழுதி வைத்திருந்த சீட்டைக் கிழித்துவிட்டு வேறு சீட்டு எழுதினார்.

"யார் மேல தப்புன்னு இந்தச் சோதனை சொல்லாது. எந்த மருந்து கேட்கும்னுதான் சொல்லும். சில்லு கீறினதும் உண்மை, நீங்க போட்டதும் உண்மை." சீட்டை நீட்டினார். "அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. அவங்க கண்ணு."

சொல்கிறேன் என்றாள் காலர். அந்த நிமிடத்தில் அவள் நிஜமாகவே சொல்லத்தான் நினைத்தாள்.

இரண்டு பாட்டில் கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் இரவும் பகலும் மணிக்கு ஒரு முறை. ஒன்றை விட்டு ஐந்து நிமிடம் கழித்து மற்றது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கீழ் இமையை இழுத்து, பாட்டிலை மேலே பிடித்து, ஒரே ஒரு சொட்டு. முனை இமையிலோ முடியிலோ விரலிலோ படவே கூடாது. விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை ஒரு நிமிடம் அமுக்கிக்கொள்ள வேண்டும். பாட்டிலைக் குளிரில் வைக்க வேண்டும். நன்றாக இருக்கிறது என்று தானாக நிறுத்தக் கூடாது. நர்ஸ் இதையெல்லாம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். காலர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். நர்ஸே நிமிர்ந்து பார்த்தாள்.

வீட்டில் போனில் மணிக்கு ஒரு அலாரம் வைத்தாள். பட்டன் பாயில் மல்லாந்து படுத்தாள். காலர் தலைமாட்டில் மண்டியிட்டுப் பாட்டிலைப் பிடித்தாள். அப்போதுதான் தன் கை தன் சொல்லைக் கேட்காது என்பது தெரிந்தது. கை கீழே போனது. இரும்பைத் தேடுவது போல முனை இமையைத் தேடிப் போனது. அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மறுபடி பிடித்தாள், மறுபடி கை இறங்கியது. பதினோரு வருடம் பாராட்டு வாங்கிய கை அது. கடைசியில் வலது மணிக்கட்டைப் பட்டனின் நெற்றியில் ஊன்றி, அதற்கு மேல் கீழே போக முடியாதபடி பூட்டிக்கொண்டு அமுக்கினாள். சொட்டு மூக்கில் விழுந்தது. அடுத்தது புருவத்தில்.

"கண்ணு இங்க இருக்கு அண்ணி. மூக்குக்கு மருந்து எழுதலயே" என்றாள் பட்டன். "ஆயில் கேனுக்கு என்ன ஆச்சு?"

"ஆடாம படுடி" என்றாள் காலர்.

மூன்றாவது சொட்டு கண்ணில் விழுந்தது. இப்படியே பகல் போயிற்று, இரவு போயிற்று. அலாரம் அடிப்பதற்கு முன்பே அவள் விழித்துக்கொண்டிருப்பாள். வேலைக்குப் போகவில்லை. கடிகாரம் போனில் கத்தினார். அந்த மறைப்பை மாற்றிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்தாள். சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சொல்லும்போதே பழி முழுவதையும் அந்த மங்கிய பிளாஸ்டிக் மேல் ஏற்றிக் கட்டுகிறோம் என்று உறைத்தது.

இரண்டாம் நாள் மதியம் பட்டன் கண் சிமிட்டியபோது முனை இமை முடியில் பட்டது. பட்டதா இல்லையா என்பதே தெரியாத அளவு. காலர் பாட்டிலை மூடிக் குப்பையில் போட்டாள். அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்த கணவன், ஒரு முடி பட்டதற்கா என்றான். முக்கால்வாசி மருந்து அதில் இருக்கிறது என்றான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி மருந்துக் கடைக்கு நடந்தாள். அடுத்த மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் பாதி தூரம் ஓடினாள். தலைமுடி கலைந்து மூச்சு வாங்க வந்து நின்றவளைப் பட்டன் நல்ல கண்ணால் பார்த்தாள்.

"என்ன அண்ணி உனக்கு இவ்வளவு பயம்?"

அதுதான் சொல்ல வேண்டிய நேரம். கணவன் வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். அறையில் இருவர் மட்டும். காலர் வாயைத் திறந்தாள். அலாரம் அடித்தது. கையைக் கழுவப் போனாள். சோப்பு நுரை வழிய வழிய நின்று கழுவிவிட்டுத் திரும்பியபோது சொல்ல நினைத்ததை மென்று விழுங்கியிருந்தாள். புண் ஆறட்டும், பிறகு சொல்லலாம் என்று தனக்குத்தானே தவணை கொடுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் டாக்டர் மறுபடி நீல விளக்கில் பார்த்தார். இந்த முறையும் நெடுநேரம். புள்ளி சுருங்கியிருக்கிறது, மருந்து கேட்டிருக்கிறது என்றார் டாக்டர். சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். இடது கண்ணால் பட்டன் கடைசி வரி வரை பாட்டுப் போலப் படித்தாள். வலது கண்ணால் மூன்றாவது வரியில் நின்றாள். நாலாவது வரியை ஊகித்தாள், தவறாக. தழும்பு நிற்கும், ஆனால் நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கிறது, போகப் போகத் தெளியும், முழுசாகத் தெளியுமா என்று இப்போது சொல்ல மாட்டேன் என்றார். மருந்தைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு காலரின் பக்கம் திரும்பினார்.

"சொல்லிட்டீங்களா?"

பட்டன் தலையைத் திருப்பினாள். "என்ன சொல்லணும் அண்ணி?"

"நல்லாயிடுச்சுன்னு பாதியில விடக் கூடாதுன்னு. சொல்லிட்டேம்மா" என்றாள் காலர்.

டாக்டர் கையிலிருந்த தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். அடுத்த நோயாளியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். இருவரும் எழுந்து வழிவிட வேண்டியிருந்தது.

வெளியே வெயில். பட்டன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தான் இப்போது பெரிய இடத்துப் பெண் போல இருக்கிறேனா என்று கேட்டாள். இருக்கிறாய் என்றாள் காலர். படியில் இறங்கும்போது பட்டன் அவள் முழங்கையைப் பிடித்தாள். ஆழம் தெரியவில்லை, படி எங்கே முடிகிறது என்று காலால் துழாவினாள். மூன்றாம் படியில் நின்றாள்.

"நீ இல்லன்னா இந்தக் கண்ணு போயிருக்கும் அண்ணி. நாலு நாளா தூங்கக்கூட இல்ல நீ. அம்மா இருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டா."

காலர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் ரெண்டு படி இருக்கு, பாத்து வா என்று மட்டும் சொன்னாள். தெருவைக் கடக்கும்போது வண்டிகள் எந்தப் பக்கம் வருகின்றன என்று இருவருக்கும் சேர்த்து அவளே பார்த்தாள். அடுத்த சொட்டுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. அந்த நாற்பது நிமிடத்தில் சொல்லலாம். வீட்டுக்குப் போனதும் சொல்லலாம். நாளைக்கும் சொல்லலாம். பாட்டில் புதுசு இல்லை, அதன் முனை முதலில் பட்டது தன் கண்ணில் என்ற அந்த உண்மை ஒன்றை அவள் நாத்தனாருக்கு இன்னும் கொடுக்க வேண்டியிருந்தது.